பிளஸ் 1 இயற்பியல் புத்தகம் ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு? பக்கம்தான் பிரச்சினையா?

பிளஸ் 1 பொதுத்தேர்வு இனி கிடையாது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்தே அது ரத்து. மாணவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் தேர்வு போனாலும் புத்தகம் அப்படியே இருக்கிறது. அதிலும் இயற்பியல் புத்தகம்!

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இயற்பியலுக்கு மொத்தமே 6 பாடங்கள். பிளஸ் 1-க்குப் போனால் இயற்பியலுக்கு மட்டும் 2 தொகுதிகள், 11 அலகுகள், இரண்டையும் சேர்த்தால் 500 பக்கங்களுக்கு மேல். பிளஸ் 2-வில் இன்னொரு 11 அலகுகள். "இவ்ளோ பெரிய புக்கை எப்படி முடிக்கிறது?" என்பது ஜூன் மாதத்தில் கேட்கும் கேள்வி. டிசம்பரில் அதே மாணவர் கேட்பது வேறு: "படிச்சேன், ஆனா புரியலையே?"

இரண்டும் ஒரே கேள்வி இல்லை. புத்தகம் நீளமாக இருப்பது வேறு, புரியாமல் இருப்பது வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாடத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

புத்தகம் ஏன் பெரிசாச்சு?

ஒரு பத்தாண்டுக்கும் மேலாக மாறாமல் இருந்த பிளஸ் 1, பிளஸ் 2 பாடத்திட்டத்தை மாற்ற 2017-ல் தமிழக அரசு முடிவெடுத்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2018-19-ல் பிளஸ் 1-க்குப் புதிய புத்தகம் வந்தது, அடுத்த ஆண்டு பிளஸ் 2-வுக்கு. வண்ணப் படங்கள், கியூ.ஆர். கோடு, தீர்க்கப்பட்ட கணக்குகள், அலகின் முடிவில் கருத்து வரைபடம் என்று பழைய புத்தகத்தோடு ஒப்பிடவே முடியாத மாற்றம்.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தது நீட் பற்றி. மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் மத்தியப் பாடத்திட்ட மாணவர்களோடு போட்டி போட வேண்டும் என்றால், என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருப்பது அத்தனையும் இதிலும் இருக்க வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது. அதனால் புத்தகத்தின் ஆழம் கூடியது. பக்கமும் கூடியது.

இன்னொரு மாற்றமும் அதே சமயத்தில் நடந்தது. 2017-18-ல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தபோது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று சொல்லும் 'புளூ பிரிண்ட்' முறை போனது. அதுவரைக்கும் கஷ்டமான ஒன்றிரண்டு பாடங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பது வழக்கம். புளூ பிரிண்ட் இல்லை என்றால் எதையும் தள்ள முடியாது. புத்தகத்தின் பக்கக் கணக்கு மாணவரின் தலையில் நேரடியாக இறங்கியது அப்போதுதான். இரண்டரை மணி நேரமாகக் குறைக்கப்பட்ட தேர்வு நேரத்தை 2019-ல் மறுபடியும் 3 மணி நேரமாக்க வேண்டி வந்ததும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

ஒரே புத்தகம், இரண்டு தேர்வு

கண்டாச்சிபுரத்தில் தமிழ் மீடியம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம் கண்டாச்சிபுரம். திருவண்ணாமலை போகும் வழி. சென்னையில் படிக்கும் மாணவருக்குப் பள்ளிப் புத்தகம் என்பது பல வழிகளில் ஒன்று. கோச்சிங் சென்டர் மெட்டீரியல் இருக்கும், ஆன்லைன் வகுப்பு இருக்கும், கேட்டால் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருக்கலாம். இந்த மாணவிக்கு இலவசமாகக் கிடைத்த புத்தகமும் வகுப்பெடுக்கும் ஆசிரியரும்தான். புத்தகத்தில் ஒரு வரி புரியவில்லை என்றால் அந்த வரி அங்கேயே நின்றுவிடும்.

அவருக்கு முன்னால் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று பிளஸ் 2 பொதுத்தேர்வு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மார்க், செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் ஆக மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15. செய்முறையும் அகமதிப்பீடும் கைகொடுத்தால், எழுத்தில் 20-ஐ ஒட்டி வாங்கினாலே தேறிவிடலாம். வினாத்தாளில் ஒரு மார்க் கேள்விகளே 15 இருக்கின்றன. இந்த இலக்குக்கு 'புக் பேக்' கேள்விகளும், மெல்லக் கற்போருக்கான கையேடு என்று சுற்றும் மெலிதான நோட்ஸும் போதும்.

மற்றொன்று நீட். 180 கேள்விகளில் இயற்பியல் 45. இதற்குப் புத்தகத்தின் உள்ளே ஒவ்வொரு வரியும் புரிய வேண்டும், அதோடு கணக்கும் போடத் தெரிய வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு இது வெறும் கனவு இல்லை, எட்டக்கூடிய சீட்.

ஆக, ஒரே புத்தகம் தேறினால் போதும் என்பவருக்கும் டாக்டர் ஆக வேண்டும் என்பவருக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. முதல்வர் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம், கைடு போதும் என்று நினைக்கிறார். இரண்டாமவருக்குப் புத்தகம் தேவை, ஆனால் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் அளவுக்கு அது பொறுமையாகப் பேசுவதில்லை.

நீளம் வேறு, புரிவது வேறு: ஒரு சோதனை

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை, பாடப்புத்தக நடை எப்படி இருக்கும் என்று காட்ட எழுதியது:

"நிலையான அச்சைப் பற்றிச் சுழலும் திண்மப்பொருள் ஒன்றின் மீது செயல்படும் புறத் திருப்புவிசைகளின் தொகுபயன் சுழியாக இருக்கும் நிலையில் அப்பொருளின் நிலைமத் திருப்புத்திறன் மாறும்போது அதன் கோணத் திசைவேகமும் மொத்தக் கோண உந்தம் மாறாதவாறு மாற்றமடைகிறது."

இதையே இப்படியும் சொல்லலாம்:

"ஒரு பொருள் நிலையான அச்சில் சுழல்கிறது. வெளியிலிருந்து அதன் மேல் திருப்புவிசை எதுவும் இல்லை. அப்படியானால் அதன் கோண உந்தம் மாறாது. இப்போது அதன் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கோண உந்தம் மாறக்கூடாது அல்லவா? அதனால் கோணத் திசைவேகம் கூடும். சுழல் நாற்காலியில் கையை விரித்தபடி சுற்றிவிட்டு, சட்டென்று கையை மடக்கிப் பாருங்கள். நாற்காலி வேகமெடுக்கும்."

முதலாவது 26 சொற்கள், ஒரே வாக்கியம். இரண்டாவது 42 சொற்கள், 8 வாக்கியங்கள். நீளமானது எது? இரண்டாவதுதான். புரிவது எது? அதுவும் இரண்டாவதுதான்.

முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிக்கல் தமிழ் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், பெயரை விளக்கும் பகுதி எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டுப் பின்னால் விளக்கிக்கொண்டே போகலாம். அந்த நீள வாக்கியத்தை வரிக்கு வரி தமிழாக்கினால், "மாற்றமடைகிறது" என்ற சொல் வரும்வரை முந்தைய 25 சொற்களையும் மனதில் சுமக்க வேண்டும். வெட்டி எழுதினால் சுமை குறையும், பக்கம் கூடும். பக்கத்தைக் குறைக்கச் சொன்னால் முதலில் பலியாவது அந்தச் சுழல் நாற்காலிதான்.

ஆங்கிலத்தில் ஒரு பத்தி எவ்வளவு எளிது என்று அளக்கச் சூத்திரங்கள் உண்டு. 1948-ல் ருடால்ஃப் ஃபிளெஷ் உருவாக்கியது பிரபலம். 1975-ல் அதை அமெரிக்கக் கடற்படையின் கையேடுகளுக்காக மாற்றியமைத்தார்கள். வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணிச் சொல்லிவிடும். தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. 'போகமுடியாதவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல், சின்னக் குழந்தைக்கும் புரியும். அந்தச் சூத்திரம் இதைப் பார்த்தால் மிரண்டுவிடும். அதே நேரம் 'உந்தம்' நான்கே எழுத்தாகச் சின்னதாக இருக்கும், புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கலைச்சொல்தான் வில்லனா?

"தூய தமிழ்ச் சொல்லைப் போட்டுக் கஷ்டப்படுத்துறாங்க" என்பது அடிக்கடி வரும் புகார். பாதிதான் உண்மை.

பல இடங்களில் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட உதவி செய்கிறது. 'வேகம்', 'திசைவேகம்' இரண்டையும் பாருங்கள். என்ன வித்தியாசம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, திசையும் சேர்ந்தால் திசைவேகம். 'மையநோக்கு விசை' என்றால் விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்கவே வேண்டாம். ஆங்கில வழி மாணவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

குழப்பம் வருவது ஒரே சொல் பல வேலை பார்க்கும்போது. பிளஸ் 1-ல் நான்காவது அலகு 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்'. அங்கே திறன் என்றால் ஒரு வினாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது, வாட்டில் அளப்பது. அடுத்த அலகிலேயே 'நிலைமத் திருப்புத்திறன்' வருகிறது. இங்கே இருக்கும் திறனுக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிளஸ் 2-வில் 'மின்தேக்குத்திறன்', அது மூன்றாவது அர்த்தம். 'இயக்கவியல்' கதையும் இதுதான். இரண்டாவது அலகின் பெயரே இயக்கவியல். எட்டாவதில் வெப்ப இயக்கவியல். ஒன்பதாவதில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர். "இந்தத் திறன் வேற, அந்தத் திறன் வேற" என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும் குழப்பம் இது. அந்த ஒரு வரியை ஆசிரியர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இலங்கைத் தமிழ் மாணவர்கள் முடுக்கத்தை 'ஆர்முடுகல்' என்பார்கள், எலக்ட்ரான் அங்கே 'இலத்திரன்'. நாம் வேகம் என்பதை அவர்கள் 'கதி' என்கிறார்கள், நமது திசைவேகம் அவர்களுக்கு வெறும் 'வேகம்'. இரு நாட்டுத் தமிழ் யூடியூப் பாடங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2018 நீட். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று டி.கே.ரங்கராஜன் எம்.பி. வழக்குப் போட்டார். கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிற்கவில்லை. தமிழ்க் கேள்வியில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது நீட் விதி. தமிழில் எழுதும் மாணவருக்கு ஆங்கிலக் கலைச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டியது இதனால்தான்.

உண்மையான முட்டுக்கட்டை எங்கே?

வாக்கியமும் சொல்லும் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை: கணக்கு.

இயற்பியலின் இரண்டாவது அலகிலேயே வெக்டர் வருகிறது, வகையிடலும் தொகையிடலும் வருகின்றன. பள்ளி திறந்து கொஞ்ச நாளில் இதைத் தொட்டாக வேண்டும். கணிதப் புத்தகத்தில் இவை எங்கே இருக்கின்றன? இரண்டாம் தொகுதியில். வெக்டர் இயற்கணிதம் எட்டாவது பாடம், நுண்கணிதம் ஒன்பதில் தொடங்கிப் பதினொன்றில் முடிகிறது. அதாவது கணக்கு வாத்தியார் சொல்லித்தருவதற்குப் பல மாதம் முன்பே இயற்பியல் வாத்தியாருக்கு அது வேண்டும். இயற்பியல் புத்தகம் இந்த இடைவெளியைச் சில பக்கங்களில் அவசர அவசரமாக அடைக்கப் பார்க்கிறது.

கணிதம் எடுத்தவருக்கு என்றாவது ஒருநாள் அது வந்து சேரும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தூய அறிவியல் குரூப் எடுத்தவருக்கு? அவருக்குக் கணிதப் பாடமே கிடையாது. டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசையில் பலர் எடுப்பது அந்த குரூப்பைத்தான். அவருக்கு வகையிடல் என்றால் என்ன என்று சொல்லும் ஒரே புத்தகம் இயற்பியல் புத்தகத்தின் அந்தச் சில பக்கங்கள். அது தெரியாமல் பிளஸ் 2-வின் முதல் பாடமான நிலைமின்னியலில் காஸ் விதியைப் பார்த்தால், தொகையிடல் குறி ஒரு கோலம் மாதிரிதான் தெரியும்.

மொழி எவ்வளவு எளிதாக இருந்தாலும் இந்தப் படி இல்லாமல் ஏற முடியாது. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பகுதிக்குத்தான் பக்கம் கூட வேண்டும்.

பாடத்தைக் குறைச்சா போதாதா?

குறைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் தமிழ்நாடும் போர்ஷனைக் குறைத்தது. 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பல பகுதிகளை நீக்கியது. இயற்பியலில் 11-ம் வகுப்பின் முதல் பாடமும், 12-ல் தகவல் தொடர்பு பாடமும் முழுசாகப் போயின. ஜே.இ.இ. மெயின் தேர்விலும் 2024-லிருந்து தகவல் தொடர்பு இல்லை, நீட் பாடத்திட்டத்திலும் இல்லை. தமிழ்நாட்டு பிளஸ் 2 புத்தகத்தின் பத்தாவது அலகில் அது இருக்கிறது. பதினொன்றாவது அலகான 'இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகள்' எந்த நுழைவுத் தேர்விலும் தனியாகக் கேட்கப்படுவதில்லை. போட்டித் தேர்வுக் கணக்கில் அது 'வேஸ்ட்'. ஆனால் நானோ, ரோபோ, கருந்துளை என்று ஒரு மாணவர் தானாக எடுத்துப் படிக்கக்கூடிய ஒரே பாடமும் அதுவாகத்தான் இருக்கும்! அதை வெட்டினால் புத்தகம் மெலியும், சுவாரசியமும் மெலியும்.

புத்தகப் பையின் எடை பற்றி மாநிலங்களவையில் 1989-ல் பேசியவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். அதன் தொடர்ச்சியாக மத்திய அரசு அமைத்த குழுவுக்கு இயற்பியலாளர் யஷ்பால் தலைவர். 1993-ல் அவர் கொடுத்த அறிக்கை, பையின் கனத்தைவிட மோசமான சுமை புரியாமல் படிப்பதுதான் என்றது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

எச்.சி.வர்மாவின் இயற்பியல் புத்தகமும் இரண்டு தடிமனான தொகுதிகள்தான். 1992-ல் வந்தது, ஜே.இ.இ.-க்குத் தயாராகும் மாணவர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியம், நம் ஊரில் பார்க்கும் உதாரணம், ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் கணக்கு. அதைக் கனம் என்று யாரும் ஒதுக்கவில்லை.

இனி என்ன ஆகும்?

பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை நடத்தாமல் நேராக பிளஸ் 2-வுக்குத் தாவியதுதான். இப்போது தேர்வு இல்லை. பழைய பழக்கம் திரும்பி வருமா என்ற கவலை நியாயமானது. இயற்பியலில் அப்படித் தாவினால் அடி பலமாக விழும். வெக்டர், விசை, ஆற்றல், அலைவு எல்லாம் பிளஸ் 1-ல்தான் இருக்கின்றன, நீட் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கிறது.

மறுபக்கம், ஒரு வசதியும் கிடைத்திருக்கிறது. பொதுத்தேர்வு அவசரம் இல்லாததால், இயற்பியல் ஆசிரியர் இரண்டாவது அலகை ஒரு மாதம் எடுத்துக்கொண்டு நிதானமாக நடத்தலாம். கணித ஆசிரியரை இரண்டு வாரம் இரவல் கேட்கலாம். தூய அறிவியல் குரூப் மாணவர்களையும் அந்த வகுப்பில் உட்கார வைக்கலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது, தலைமையாசிரியர் மனசு வைத்தால் போதும்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டு வழிப் புத்தகங்களும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் ஒரு பத்தி புரியவில்லை என்றால் ஆங்கிலப் பிரதியில் அதே பகுதியைத் திறந்து பாருங்கள், அந்தக் கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண் ஒத்துப்போகாமல் இருக்கலாம். படங்களின் எண் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அதை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.